ஏழு போட்டேன் அங்கிள்!

நண்பரின் மகன் வேளச்சேரியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்குப் போக முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் அரை கிலோ மைசூர்பாகோடு போனேன். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே தண்ணீர் இல்லை. பாதி உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள், நடுவில் இரண்டு மூன்று மரப்பட்டைகள், எல்லாவற்றின் மேலும் பழைய கொசுவலையைக் கிழித்துப் போர்த்திய மாதிரி வெள்ளையாக ஏதோ.

"மீனெல்லாம் எங்கப்பா?"

"மீன் இல்லை அங்கிள், டரான்டுலா."

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சோபாவின் அந்தக் கோடிக்கு நகர்ந்தேன். டரான்டுலா என்றால் உடம்பெல்லாம் ரோமம் உள்ள பெரிய சைஸ் சிலந்தி. நம் வீட்டு எட்டுக்கால் பூச்சியின் பெரியப்பா.

"ஏழு போட்டேன் அங்கிள். எல்லாம் ஒரே அம்மாவோட குஞ்சுங்க. கம்யூனல் செட்டப்!"

பல வருஷமாகப் பத்திரிகையில் குப்பை கொட்டுகிறவனுக்கு 'கம்யூனல்' என்றால் கர்ஃப்யூதான் ஞாபகம் வரும். அவன் சொன்னது வேறு. தனித்தனியாக வைக்க வேண்டிய சிலந்திகளை ஒரே தொட்டியில் கூட்டமாக விட்டு வளர்ப்பதற்கு அப்படி ஒரு பெயர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது ரொம்ப நாளாக இருக்கிற பொழுதுபோக்கு. இப்போது வேளச்சேரிக்கும் வந்துவிட்டது.

"சரி, இப்ப எத்தனை இருக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "மூணு நிச்சயம். நாலு அஞ்சுகூட இருக்கலாம். உள்ளே வளை தோண்டி வலை கட்டியிருக்கு, அதனால கரெக்டா சொல்ல முடியாது."

"மிச்சம்?"

சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம்.

நான் பி.காம். படித்தவன். ஆரம்ப இருப்பு ஏழு, இறுதி இருப்பு 'மூன்று முதல் ஐந்து வரை இருக்கலாம்' என்று எழுதிக்கொண்டு போனால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? கடையில் சரக்கு குறைந்தால் திருட்டு என்போம். இங்கே குறைந்தால் 'இயற்கை' என்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலந்தி வளர்ப்பதே தப்பு என்று சண்டைக்கு வரவில்லை. ஒருவர் ஒரு பெட்டியில் ஒரு டரான்டுலாவை முறையாக வைத்து, வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒரு கரப்பானைப் போட்டு, தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டால் அது பாட்டுக்கு இருக்கும். குரைக்காது, வாக்கிங் கூட்டிப் போகச் சொல்லாது. பெண் சிலந்தி சில இனங்களில் இருபது வருஷம்கூட வாழும். (கரப்பானைக் காசு கொடுத்து வாங்குகிற சென்னைவாசியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.) என் வழக்கு அந்த ஒன்றைப் பற்றியது அல்ல. ஏழைப் பற்றியது.

'கூட்டுக் குடும்பம் மாதிரி அங்கிள்' என்றான் பையன். அங்கேதான் வழுக்குகிறார்கள். உலகத்தில் பேர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. அதில் நிரந்தரமாகக் கூடி வாழ்பவை ஏறக்குறைய இருபத்தைந்துதான். அந்த இருபத்தைந்தில் ஒன்றுகூட டரான்டுலா கிடையாது. நம் நாட்டிலேயே முள்செடிகளிலும் வேலிகளிலும் பெரிய அழுக்குப் பந்து மாதிரி கூடு கட்டி நூற்றுக்கணக்கில் சேர்ந்து வாழ்கிற ஸ்டெகோடைஃபஸ் என்ற சின்னச் சிலந்தி உண்டு. வலையில் பெரிய பூச்சி விழுந்தால் பத்து இருபது ஓடி வந்து ஒன்றாக இழுக்கும். அதுதான் நிஜமான கூட்டுக் குடும்பம். அந்தக் குடும்பத்திலும் கடைசியில் குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து அம்மாவைச் சாப்பிட்டுவிடும் என்பது வேறு விஷயம். உதாரணம் காட்டுவதற்கு முன் கொஞ்சம் விசாரித்துவிட்டுக் காட்டுவது நல்லது.

டரான்டுலா வளர்ப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது நல்ல பதில், மறைக்கக்கூடாது. ஏமனுக்குச் சொந்தமான சொகோத்ரா என்று ஒரு தீவு, அரபிக்கடலில். அங்கே மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபூரி என்ற டரான்டுலா இருக்கிறது. நீலக் கால், பழுப்பு உடம்பு, அழகாகத்தான் இருக்கிறது. இதில் தாயும் குஞ்சுகளும் ஒரே வளையில் நெடுநாள் இருக்கும். ஒரு பை முட்டையில் பொரிந்தவற்றைச் சேர்த்தே வளர்த்து, அவை பெரிசாகிற வரைக்கும் சண்டையில்லாமல் இருந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பையன் வைத்திருப்பதும் இதே இனம்தான். டரான்டுலாக்களில் இது ஓரளவுக்கு ஒத்துப்போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டரான்டுலா இனங்களில் இப்படித் தைரியமாகச் சொல்லக்கூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பால்ஃபூரியைக் காட்டி மற்றதையெல்லாம் தொட்டியில் போடுகிறார்கள். ஒரு பையன் ஐ.ஏ.எஸ். பாஸ் செய்தான் என்று தெருவில் உள்ள எல்லாரையும் அதே கோச்சிங் சென்டரில் சேர்த்த கதை. ஜெயித்தவன் போட்டோ காட்டுவான். தோற்றவன் தொட்டியை விற்றுவிட்டு மீன் வாங்கிவிடுவான். அவன் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

'காட்டிலேயே ஒரே மரப்பொந்தில் பல சிலந்திகள் இருக்கிறதே' என்பது அடுத்த வாதம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள பொசிலோதீரியா இனங்களைச் சொல்கிறார்கள். மரத்தில் வாழ்பவை. தாயும் குஞ்சுகளுமாக ஒரு பொந்தில் இருப்பது உண்மை. எவ்வளவு நாளைக்கு? குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விடும். வேறு பொந்து, வேறு மரம். யாரும் துரத்தினார்களோ, தானே போனதோ, போக வழி இருக்கிறது. அதனால்தான் பொந்தில் சண்டை குறைவு. தொட்டியில் நீங்கள் கொடுத்தது பொந்து மட்டும்தான். மரத்தைக் கொடுக்கவில்லை. கிளம்ப வேண்டிய சிலந்தி எங்கே கிளம்பும்? மூடிவரைக்கும் போகும்.

அன்றைக்கே பார்த்தேன். தொட்டியின் மேல் மூலையில், மூடிக்குக் கீழே, மற்றதைவிடச் சின்னதாக ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அது எப்பவுமே அங்கதான் அங்கிள், அதுக்கு அந்த இடம் பிடிச்சுப் போச்சு" என்றான். எனக்கென்னவோ அது கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி தெரிந்தது. வளை தோண்டி இருட்டில் வாழ்கிற பிராணி, இரண்டு மாதமாக ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடியில் தொங்கினால் அதற்குப் பெயர் பிடித்துப்போவதா?

'சாப்பாடு நிறையப் போட்டால் ஒன்றையொன்று தின்னாது' என்று ஒரு சூத்திரம். பாதி சரி. பசித்தால் ஆபத்து அதிகம் என்பது நிஜம்தான். ஆனால் டரான்டுலா தோலுரிக்கும். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. அதற்காக மல்லாந்து படுத்துக்கொண்டு, பழைய ஓட்டிலிருந்து ஒவ்வொரு காலாக உருவி வெளியே வரும். அந்த மணி நேரங்களில் அதனால் ஓட முடியாது. வெளியே வந்தபிறகும் பல நாளைக்கு உடம்பு மெத்தென்று இருக்கும், பல் கெட்டியாக இருக்காது. கடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஏழு சிலந்தியும் ஒரே நாளில் உரிப்பதில்லை. ஆளுக்கொரு நாள். அன்றைக்குப் பக்கத்து வளைக்காரர் எந்த மூடில் இருக்கிறார் என்பதுதான் அதன் ஆயுள். கரப்பான் போட்டுக் கட்டுப்படுத்துகிற சமாசாரமா இது?

போதாததற்கு ஆண் பெண் விவகாரம். ஆண்கள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடும். காட்டில் என்றால் பெண்ணைத் தேடி அலையும். தொட்டியில் இருக்கிற பெண்கள் எல்லாம் கூடப்பிறந்தவை. அதற்குமேல் நான் எழுத வேண்டாம்.

இன்னொரு சமாதானம்: 'காட்டில் மட்டும் சாவதில்லையா?' நூற்றுக்கணக்கில் பொரிந்தாலும் பெரிசாவது ஒன்றோ இரண்டோதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டில் கதவைச் சாத்தியது நீங்கள் இல்லை. இங்கே சாத்தியது நீங்கள். தொட்டிக்குள்ளே நடப்பதற்கு இயற்கை பொறுப்பாகாது.

இதில் எனக்குப் பிடித்த சாட்சி ஒரு வியாபாரி. 2021 ஜூலையில் சென்னையில் வெளிநாட்டுத் தபாலில் வந்த ஒரு பார்சலைச் சுங்கத்துறை பிரித்தது. போலந்திலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்தது. உள்ளே உயிரோடு 107 சிலந்திகள். எப்படி இருந்தன தெரியுமா? 107 குட்டி பிளாஸ்டிக் குப்பிகளில், பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றி. அனுமதிப் பத்திரம் கிடையாது என்று அப்படியே போலந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது கிடக்கட்டும். அனுப்பியவர் ஏன் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டவில்லை? இடம் மிச்சம், பஞ்சு மிச்சம், வேலை மிச்சம். காசு போட்டவனுக்கு நஷ்டம் வரக்கூடாது. ஒன்றாகப் போட்டால் போய்ச் சேரும்போது சரக்கு குறையும் என்று அவருக்குத் தெரியாதா? விற்கிறவர் தனித்தனியாக அனுப்புகிறார். வாங்குகிறவர் ஒன்றாகக் கொட்டிவிட்டுக் கூட்டுக் குடும்பம் என்கிறார்.

அதோடு இந்த ஃபேஷனுக்கு இன்னொரு செலவு உண்டு. ஒரு ஆள் ஒன்று வாங்கிய இடத்தில் இப்போது ஏழு, பத்து வாங்க வேண்டும். பாதி தின்றுபோனால் இன்னும் நாலு. இவ்வளவும் எங்கிருந்து வரும்? பண்ணையில் பெருக்கினது என்பார்கள், பலதும் அப்படித்தான். ஆனால் முதல் ஜோடி எங்கோ ஒரு மரத்திலிருந்து இறங்கியதுதானே.

ஆந்திராவின் குத்தி ரயில் நிலையத்தில் கிடைத்ததைப் பார்த்து 1899-ல் போகாக் என்பவர் ஒரு நீலச் சிலந்திக்குப் பேர் வைத்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு அது யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இருக்கிற காடு நூறு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2008-ல் உலகப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். 'அழிவின் விளிம்பில்' என்று முத்திரை குத்தியது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கதையும் உண்டு. ராமேஸ்வரத்தில் அனுமன் கோயில் ஒன்றை ஒட்டிய தோப்பில் கிடைத்த சிலந்திக்கு 2004-ல் அந்தக் கோயில் பெயரையே வைத்தார்கள். அதுவும் பொசிலோதீரியாதான், அதற்கும் அதே விளிம்புதான். புளியமரத்தை வெட்டினால் போச்சு. கடலுக்கு அந்தப்பக்கம் மன்னாரிலும் பின்னால் பார்த்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

2019-ல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் பொசிலோதீரியா மொத்தத்தையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் வனவிலங்குச் சட்டத்திலும் 2022-ல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், குட்டி போட்டால் சொல்ல வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும். 2024-ல் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. இதைப் பையனிடம் சொன்னேன். "என்னோடது அந்த லிஸ்ட்ல இல்லை அங்கிள்" என்றான். சந்தோஷம். ஆனால் பொசிலோதீரியாவைக் கூட்டமாகப் போட்டிருக்கிற மகானுபாவர் அந்த ஃபாரத்தில் என்ன எழுதுவார்? 'இறந்தவை: சரியாகத் தெரியவில்லை. இறந்த நாள்: தொட்டியைக் கலைத்த பிறகு சொல்கிறேன்' என்றா? இந்தச் சிலந்தி வேகத்துக்குப் பேர் போனது. கடித்தால் உயிர் போனதாகக் கேள்வி இல்லை, ஆனால் தசை இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் படுத்தும். எத்தனை இருக்கிறது என்று தெரியாத தொட்டிக்குள் கையை விட்டு எண்ணச் சொன்னால் நானும் சிரித்துத்தான் மழுப்புவேன்.

'இது ஒரு பரிசோதனை' என்று சிலர் கம்பீரமாகச் சொல்கிறார்கள். பரிசோதனை என்றால் நோட்டு வேண்டும் சார். எத்தனை போட்டாய், என்றைக்குப் போட்டாய், எது எப்போது தோலுரித்தது, எது என்றைக்குக் காணாமல் போனது, பக்கத்தில் தனியாக வளர்த்த ஏழு எப்படி இருக்கிறது. இதெல்லாம் இல்லாமல் தொட்டியை டி.வி. பக்கத்தில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவதற்குப் பரிசோதனை என்ற பெயர் கொஞ்சம் ஓவர்.

பையனிடம் இவ்வளவையும் கோர்வையாகச் சொல்லவில்லை. மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டே பாதி சொன்னேன். "எண்ணிப் பாரேன். ஒரே ஒரு தடவை" என்றேன். முகத்தைச் சுளித்தான். அவன் மனைவி மட்டும் உள்ளேயிருந்து, "நானும் அதைத்தான் அங்கிள் சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

போன வாரம் போன் வந்தது. தொட்டியைக் கலைத்துவிட்டானாம். நீளமான இடுக்கி, பெயின்ட் பிரஷ், பிளாஸ்டிக் டப்பா சகிதம் நாலு மணி நேர வேலை. நாலு இருந்ததாம். மூன்று பெரிசு. மூடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த சின்னதுக்கு ஒரு கால் இல்லை. இரண்டு மூன்று தடவை தோலுரித்தால் மறுபடி முளைத்துவிடுமாம். மண்ணுக்குள் பழைய கால் துண்டுகள் சிலது கிடைத்தன, அது எத்தனை சிலந்தியுடையது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"அங்கிள், உங்க வீட்ல காத்துப் போற மாதிரி மூடி இருக்கிற டப்பா ஏதாவது இருக்கா? மூணுதான் கிடைச்சிருக்கு" என்றான்.