கல்லெறிந்தவன் யார் என்கிறார்கள். சுடச் சொன்னவன் யார்?

தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் தேதி போலீசாரின் துப்பாக்கி வெடித்தது. அன்றும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். பிணங்களை வாங்கி அடக்கம் செய்து முடியவில்லை. அதற்குள் செத்தவர்கள்தாம் குற்றவாளிகள் என்று நாட்டின் பெரிய மனிதர்கள் தீர்ப்பெழுதி முடித்துவிட்டார்கள். நீதிபதி இல்லை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் தயாராக இருந்தது!

அந்தத் தீர்ப்பைத்தான் நாம் இங்கே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது தோழர்களே. ஏனென்றால் நாளைக்கு நமது ஆலை வாசலிலோ, களத்துமேட்டிலோ கலகம் நடந்தால் நம்மீது எழுதப்படும் தீர்ப்பும் இதே தீர்ப்புத்தான். வாசகம்கூட மாறாது.

முதலில் நடந்தது என்ன? ஸ்டெர்லைட் தாமிர ஆலை முதலில் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரியில்தான் வருவதாக இருந்தது. அங்கே மாந்தோப்பு விவசாயிகள் எழுந்து நின்றார்கள். 1993இல் வேலை நிறுத்தப்பட்டது. மராட்டிய விவசாயி வேண்டாம் என்று விரட்டியதைத் தமிழ்நாட்டு சர்க்கார் மாலை போட்டு வரவேற்றது. 1994இல் அடிக்கல் நாட்டியது ஒரு கழகத்தின் ஆட்சி. ஆலை ஓடத் தொடங்கியபோது நாற்காலியில் இருந்தது மற்றொரு கழகம். 2013 மார்ச்சில் விஷவாயுக் கசிவு என்று ஊரே மூச்சுத் திணறியது. அதே ஆண்டு ஏப்ரலில் சுற்றுப்புறத்தைக் கெடுத்ததற்காக சுப்ரீம் கோர்ட்டே கம்பெனிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. ஆனாலும் ஆலையை ஓட்டிக்கொள்ள அனுமதித்தது! நூறு கோடியைக் கட்டிவிட்டு, பிறகு ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தியை 8 லட்சம் டன்னாக்கக் கிளம்பினார்கள். அ. குமரரெட்டியாபுரத்து மக்கள் 2018 பிப்ரவரியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது அப்போதுதான்.

தொண்ணூற்றொன்பது நாள் உட்கார்ந்தார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பது நாளும் எந்தப் பெரிய மனிதருக்கும் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. நூறாம் நாள் கலெக்டரைப் பார்த்து மனுக் கொடுப்போம் என்று ஆயிரமாயிரமாய்ப் புறப்பட்டார்கள். முதல் நாள் இரவே 144 தடை. கலெக்டரோ அன்று ஊரில் இல்லை, கோவில்பட்டியில் இருந்தார். மனு வாங்க ஆள் இல்லாத ஆபீசில் சுடுவதற்கு மட்டும் ஆள் இருந்தது.

இனி, பெரிய மனிதர்கள் பேசியதைக் கேளுங்கள்.

முதலமைச்சராயிருந்த எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச் சூட்டை டெலிவிஷன் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். போலீஸ் இலாகாவைக் கையில் வைத்திருந்தவரும் அவரேதான்! ஒருவர் அடித்தால் அடிபடுகிறவர் தற்காத்துக்கொள்வது இயற்கை என்றும் விளக்கம் சொன்னார். மத்திய மந்திரியாயிருந்த பொன். ராதாகிருஷ்ணனுக்குக் கூட்டத்தில் தீவிரவாதிகள் தெரிந்தார்கள். பிரதமர் நரேந்திர மோடியோ வாயைத் திறக்கவில்லை. மே 30ஆம் தேதி சினிமா நடிகர் ரஜினிகாந்த் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குண்டடிபட்டுக் கிடந்த வாலிபன் ஒருவன் அவரைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டான். அதற்கு அவர் தம் பேரைச் சொன்னார். வெளியே வந்ததும், சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள், சீருடையிலிருந்த போலீசை அடித்தார்கள், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். எப்படித் தெரியும் என்று நிருபர்கள் கேட்டதற்கு, எனக்குத் தெரியும் என்றார். அடுத்த மாதம் யோகா சாமியார் ராம்தேவ் லண்டனில் ஆலை முதலாளி அனில் அகர்வாலைச் சந்தித்துவிட்டு, சர்வதேசச் சதிகாரர்கள் அப்பாவி மக்களைத் தூண்டிவிட்டார்கள், ஆலைகள் வளர்ச்சியின் கோவில்கள், மூடக்கூடாது என்று எழுதினார்.

மந்திரி, நடிகர், சாமியார் மூவர் வாயிலும் ஒரே சரக்குத்தான்: மக்களுக்குச் சொந்த புத்தி கிடையாது, யாரோ தூண்டிவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டால் குடிக்கிறவனுக்குத் தெரியாதா? அதைச் சொல்லித்தர சர்வதேசச் சதிகாரன் வரவேண்டுமா? கூலி போதவில்லை என்று நாம் கேட்டாலும் மிராசுதாரும் மேனேஜரும் இதையேதானே சொல்கிறார்கள்!

கல் விழவில்லை என்று நாம் சொல்லவில்லை. கல் விழுந்தது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. எரித்தவன் எவனோ அவனைப் பிடி, வழக்குப் போடு, கோர்ட்டில் நிறுத்து. சட்டம் அதற்குத்தானே இருக்கிறது? கண்ணாடியை உடைத்ததற்குத் தலையில் குண்டு என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? மேலும், கல் விழுந்த இடம் கலெக்டர் ஆபீஸ். தொலைவில் கடற்கரையோரம் இருக்கும் மீனவர் பகுதியான திரேஸ்புரத்திலும் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அவர் எந்த வாகனத்துக்குத் தீ வைத்தார்? மறுநாள் அண்ணாநகரில் ஒரு வாலிபன் விழுந்தானே, அவன் எந்த அரசாங்கத்தைக் கவிழ்க்க வந்தான்?

பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ராய்ட்டர் செய்தி நிறுவனம் பார்த்து 2018 டிசம்பரில் வெளியிட்டது. ராய்ட்டர் நம் கட்சிப் பத்திரிகை அல்ல. மாண்ட 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு; அதிலும் பாதிப்பேருக்குப் பின்புறமிருந்து பாய்ந்தது என்று அது எழுதியது. பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பின்னந்தலையில் நுழைந்த குண்டு வாய்வழியே வெளியேறியது. அடிக்க வருகிறவன் முகத்தைக் காட்டித்தான் வருவான். முதுகைக் காட்டுகிறவன் ஓடுகிறவன். ஓடுகிறவனைச் சுட்டதற்குப் பேர் தற்காப்பா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுட்ட ஆறாம் நாள், மே 28ஆம் தேதி, அதே சர்க்கார் ஆலையை நிரந்தரமாக மூட உத்தரவு போட்டது. மக்கள் கேட்டதும் அதைத்தானே! 28ஆம் தேதி நியாயமாகிப்போன கோரிக்கை 22ஆம் தேதி மட்டும் எப்படி சமூக விரோதமாயிற்று? கம்பெனி மேல்கோர்ட்டுகளுக்குப் போனது. 2020இல் சென்னை உயர்நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் மூடியது சரியே என்று சொல்லிவிட்டன.

ஆலைத் தொழிலாளித் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கலாம்: ஆலை மூடினால் வேலை போகிறதே, எங்கள் வயிறு? நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்கக் கூடாது. அங்கே வேலை செய்தவர்களின் அடுப்பும்தான் அணைந்தது. ஆனால் அந்தத் தொழிலாளியைக் கிராமத்துக்காரனுக்கு எதிராக நிறுத்தி லாபம் பார்த்தவன் யார்? புகைபோக்கியை ஒழுங்காகக் கட்டவும் கழிவை ஒழுங்காக அகற்றவும் பணம் செலவாகும். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்த முதலாளிதான். விஷம் வேலியைத் தாண்டி ஊருக்குள் போகும் முன் வேலிக்குள் நிற்கும் தொழிலாளியைத்தான் முதலில் தொடும். போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981லேயே விஷவாயு பட்டு ஒரு தொழிலாளி செத்தார். அதைக் கேட்பாரில்லை. 1984 டிசம்பரில் ஊரே செத்தது. ஆலைக்காரனும் ஊர்க்காரனும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத் தூத்துக்குடியில் ஊர்க்காரன் தனியே கேட்கும்படி ஆயிற்று. மூடியபின் வேலையிழந்தவனுக்கு வேலைக்கு வழி செய்வது சர்க்காரின் கடமை, கம்பெனியின் கடமை. அதைக் கேட்காமல் கோவில் மூடிவிட்டதே என்று புலம்புகிறவர்களுக்குத் தொழிலாளியின் வயிறு ஒரு சாக்கு.

இனி விசாரணைக்கு வருவோம். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனை அமைத்தது அ.தி.மு.க. சர்க்கார்தான். அது நான்காண்டு விசாரித்து 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் சட்டமன்றத்தில் வைத்தார்கள். சூட்டுக்குத் தூண்டுதல் எதுவும் இல்லை, ஓடிய ஜனங்களை மறைந்து நின்று சுட்டார்கள் என்று சொல்கிறது அறிக்கை. ஒரே காவலரை நான்கு இடங்களுக்குக் கொண்டுபோய்ச் சுட வைத்ததையும், அவர் மட்டும் 17 ரவுண்டு சுட்டதையும் சொல்கிறது. டெலிவிஷனில் பார்த்த கதையும் பொய்த்துப்போனது: தலைமைச் செயலாளரும் போலீஸ் தலைவரும் உளவுத்துறைத் தலைவரும் நிமிஷத்துக்கு நிமிஷம் முதலமைச்சருக்குத் தகவல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள் என்கிறது. பிரபலஸ்தர்கள் வாயை அடக்கிப் பேசவேண்டும் என்று நடிகருக்கும் ஒரு வரி இருக்கிறது. தென் மண்டல ஐ.ஜி. தொடங்கி 17 போலீசார்மீதும், கலெக்டர் மற்றும் மூன்று ரெவின்யூ அதிகாரிகள்மீதும் நடவடிக்கை வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது.

2018இல் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து தி.மு.க. போட்ட சத்தம் ஊரறியும். சட்டமன்றத்தைப் புறக்கணித்து வெளியே போட்டி மன்றம் நடத்தினார்கள். நல்லதுதான். ஆனால் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காக நெல்லைக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தைத் தாமிரபரணிக் கரையில் போலீஸ் அடித்து விரட்டி, 17 உயிர் போனதே, அப்போது ஆண்டது யார்? அவர்களேதான். அன்றும் பழி ஊர்வலத்தின் மீதே விழுந்தது. எதிர்வரிசையில் உட்கார்ந்தால் 'படுகொலை', ஆளும் வரிசைக்கு மாறினால் 'சட்டம் ஒழுங்கு'.

2021இல் ஆட்சி மாறியது. கமிஷன் அறிக்கை சபைக்கு வந்த அக்டோபரில் ஓர் இன்ஸ்பெக்டரும் மூன்று காவலர்களும் சஸ்பெண்டு ஆனார்கள். மாண்டவர் குடும்பங்களுக்கு மேலும் கொஞ்சம் பணம் தரப்பட்டது. சம்பவம் நடந்தவுடன் போட்ட எப்.ஐ.ஆரில் சுட உத்தரவிட்டவர்கள் என்று எழுதப்பட்டிருந்தது யாரை, தெரியுமா? துணைத் தாசில்தார்களை! ஐ.ஜி.யும் எஸ்.பி.யும் நிற்கும் ஊரில் துணைத் தாசில்தார் வாய்ச்சொல்லுக்குத் துப்பாக்கி வெடித்ததாம். வழக்கு 2018லேயே சி.பி.ஐ. கைக்குப் போனது. ஆறு வருஷம் கழிந்து 2024 முடிந்தபோதும் உயர் அதிகாரி ஒருவரும் தண்டனை பெறவில்லை. அறிக்கையில் 17 போலீசாரின் பேரும் பதவியோடு அச்சாகியிருக்கிறது. அந்தப் பதினேழு பேர்மீதும் கொலை வழக்குப் போடு என்று ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் தீர்மானம் போட்டு சர்க்காருக்கு அனுப்புங்கள் தோழர்களே!