25 ஆயிரம் மணி நேரம் எரியும் எல்இடி பல்பு: அந்தக் கணக்கு எந்த ஊர் வெயிலுக்கு?

"என்னண்ணே, பத்து வருஷம் எரியும்னு சொன்னீங்க, ஒன்றரை வருஷத்துல போயிருச்சே?"

"கரண்டு ஏறி இறங்குது தம்பி, நாங்க என்ன பண்றது?"

உசிலம்பட்டி எலெக்ட்ரிக் கடைகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: அட்டையில் போட்டிருக்கும் 25,000 மணி நேரம் எங்கிருந்து வந்தது?

எப்படிச் சோதிக்கிறார்கள்?

தினமும் 7 மணி நேரம் எரித்தால் 25,000 மணி நேரம் என்பது சுமார் பத்து வருஷம். அணைக்காமல் எரித்தாலும் மூன்று வருஷத்தை நெருங்கும். அதற்குள் அந்த மாடலே மார்க்கெட்டில் இருக்காது. அதனால் பல்புக்குச் சீக்கிரமே வயசாக வைக்கிறார்கள். இதுதான் துரித முதுமைச் சோதனை.

பல்புக்குள் இருக்கும் எல்இடி சில்லுகளை 55, 85 டிகிரி போன்ற வெப்பநிலைகளில் குறைந்தது 6,000 மணி நேரம் எரித்து, வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று அளப்பது எல்எம்-80 சோதனை. அதை வைத்து, சோதித்த நேரத்தைப் போல அதிகபட்சம் 6 மடங்கு வரை ஆயுளைக் கணிக்கலாம் என்கிறது டிஎம்-21 முறை. முழு பல்பை அணைத்து அணைத்துப் போடுவது, சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைப்பது எனத் தனிச் சோதனைகளும் உண்டு. இந்தியாவில் எல்இடி பல்புகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம்.

பிறகு ஏன் போகிறது?

பெரும்பாலும் முதலில் சாவது சில்லு அல்ல, அதற்குக் கரண்டு கொடுக்கும் டிரைவர். அதில் உள்ள எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எமன். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். 75 டிகிரியில் 16,000 மணி நேரம்தான்.

பல்பின் செயல்திறனை அளக்கும்போது அறையின் சூடு பொதுவாக 25 டிகிரி. சித்திரை மாசம் உசிலம்பட்டியில் தகரக் கூரைக்கு அடியில் ராத்திரியும் அனல் அடங்காது. அங்கே 35 டிகிரி இருந்தாலே ஆயுள் பாதி போச்சு. காற்று போகாத மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மாட்டினால் இன்னும் மோசம். நள்ளிரவில் லோடு குறைந்து வோல்டேஜ் ஏறுவது, நியூட்ரல் அறுந்து திடீரென எகிறுவது எல்லாம் தனி அடி.

என்ன செய்யலாம்?

சோதனை மோசடி அல்ல. காத்திருக்க முடியாத இடத்தில் கணித்துத்தான் ஆக வேண்டும். தவறு, நிபந்தனையை மறைத்து எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது. "25 டிகிரியில் 25,000 மணி நேரம், 40 டிகிரியில் இவ்வளவு" என்று அட்டையிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதையும் போட வேண்டும்.

தாங்கும் பல்பு செய்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். 50 ரூபாய் கூடக் கொடுத்து ஐந்து வருஷம் எரிவதா, மலிவாக வாங்கி வருஷா வருஷம் மாற்றுவதா என்பதை வாங்குகிறவர் முடிவு செய்யட்டும். தகவல் இல்லாமல் அந்த முடிவை எப்படி எடுப்பது? 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. ஆயுள் பாதியானால் கரண்டு பில்லில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு கடைக்கே திரும்பிப் போகும். உடைந்த பல்பு குப்பையில் சேரும்.

அதுவரை, பல்பு வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய கிண்ணத்துக்குள் மாட்டாதீர்கள். வாரண்டிக்குள் போய், மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பல்பு போனதற்குக் கரண்டை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்தால், அட்டையில் இருக்கும் எண் ஒருநாளும் மாறாது.