அந்தக் கொசுக்களை அடிக்காதீர்கள்

தெம்பனிசில் எங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே கொசு பறந்தாலே பக்கத்து வீட்டு அக்கா கோபப்படுகிறார். “விடுறது ஆண் கொசு அக்கா, கடிக்காது” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சிங்கப்பூர் 2016 முதல் விட்டுவரும் இவற்றின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உண்டு. அது இல்லாத, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெண் கொசு இவற்றோடு சேர்ந்தால் முட்டை பொரிவதில்லை.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இதே பாக்டீரியா உள்ள பெண் கொசுக்களையும் விட்டார்கள். தாயிடமிருந்து முட்டைக்குள் இறங்கி, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பாக்டீரியா, டெங்கி வைரசைக் கொசுவுக்குள் பெருகவிடுவதில்லை. அங்கே டெங்கி 77% குறைந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்வளவு அருமையான வேலையை மக்களின் சந்தேகம் கெடுத்துவிடக் கூடாது. துண்டறிக்கை போதாது, வீடு வீடாகப் போய், பாட்டிகளுக்கும் புரியும்படி தமிழில் பேச வேண்டும். பூச்சட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை நாமும் தவறாமல் கொட்ட வேண்டும்.