ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுப்போம்

கடன்பட்டு விதை வாங்கி, நிலம் கொத்தி, பாத்தி கட்டி, முறை தவறாமல் நீர் இறைத்து, களை பிடுங்கி, மருந்தடித்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு வெங்காயப் பயிரைப் பிள்ளையைப் போல் பார்க்கிறோம். கடைசிப் பத்து நாட்கள் வந்ததும் எமது பொறுமை போய்விடுகின்றது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்று எமது முன்னோர் சொன்னது சோற்றுக்கு மட்டுமன்று, தோட்டத்திற்கும் பொருந்தும்.

வலிகாமத்துச் செம்மண் கிராமங்களின் சந்தைகளுக்கு விடியற்காலையில் போய்ப் பார்ப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். தாள் பச்சை மாறாத, கழுத்துத் தடித்த, தோல் ஒட்டாத வெங்காயம் மண்ணும் ஈரமுமாக மூடைகளில் வந்து இறங்குகின்றது. அது நான்கு நாட்களில் வியர்க்கின்றது. இரண்டு வாரத்தில் நடுவில் கையை விட்டால் அழுகல் மணக்கின்றது. பிறகு "எங்கட வெங்காயம் வைச்சிருக்க ஏலாது, இறக்குமதி வெங்காயந்தான் நிக்கும்" என்று வியாபாரியும் வீட்டுப் பெண்களும் ஒரே குரலில் சொல்கின்றார்கள். எமது மண்ணில் விளைந்த பொருளுக்கு நாமே இந்தக் கெட்ட பெயரைத் தேடிக் கொடுக்கின்றோம்.

வெங்காயம் முற்றுவது என்றால் என்ன? விதைக்குமிழ் நட்டு ஏறக்குறைய 60 முதல் 75 நாட்களில், தாள்கள் தாம் சேர்த்து வைத்த சத்தைக் குமிழுக்கு இறக்கிவிடுகின்றன. கழுத்து மெலிந்து தளர, தாள்கள் தாமாகவே சாய்கின்றன. பாதிக்கு மேற்பட்ட தாள்கள் சாய்ந்தபின் கிளப்புவதே முறை. அதற்கு ஒரு வாரம், பத்து நாட்கள் முன்னதாகவே இறைப்பை நிறுத்திவிட வேண்டும். நாட்காட்டியைப் பார்த்தோ, சந்தை விலையைக் கேட்டோ அன்று, தாளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கிளப்பியவுடனும் வேலை முடிந்துவிடுவதில்லை. முற்றிய வெங்காயமும் உலர்ந்து பதப்பட வேண்டும். தாளோடு சேர்த்து வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடும்படி வைத்தால் வெயில் குமிழைச் சுடாது. மழைக்குணம் தெரிந்தால் காற்றோட்டமான கொட்டிலுக்குள் எடுத்துப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடலாம். ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் கழுத்து இறுகி மூடிக்கொள்ளும். வெளித்தோல் கடதாசி போலாகிச் சரசரக்கும். சிவப்பு நிறமும் கூடும். இறுகிய அந்தக் கழுத்துத்தான் வெங்காயத்தின் கதவு. கதவு திறந்து கிடந்தால் பூஞ்சணமும் அழுகல் கிருமியும் உள்ளே போகும். எவ்வளவு நல்ல களஞ்சியத்தில் வைத்தாலும் பதப்படாத வெங்காயத்தைக் காப்பாற்ற முடியாது.

இவற்றில் புதிதாக எதுவும் இல்லை. எமது தாய்மார் அடுப்படிக்கு மேலே வெங்காயப் பிடிகளைத் தொங்கவிட்டதும், விதை வெங்காயத்தை வேறாகத் தெரிந்து பறணில் வைத்ததும் இந்த அறிவினாலேயே. அப்படியானால் ஏன் கைவிட்டோம்? விவசாயியின் பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் அதை ஏற்கவில்லை. ஒரு முதிய தோட்டக்காரர் எம்மிடம் சொன்ன வார்த்தை இது: "தம்பி, முத்தட்டும் எண்டு நான் விடுவன். கடன் தந்தவன் விடுறானோ?"

அதுவே உண்மை. அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறுகின்றது. உரக்கடையில் கணக்கு நிற்கின்றது. இன்று நல்ல விலை என்று கேள்விப்பட்டால் நாளைக்கு அந்த விலை நிற்குமா என்ற பயம். அந்தப் பயம் காரணமில்லாததும் அன்று. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் தென்னிலங்கைச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தன. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த நிலை சரிந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் இறக்குமதி வெங்காயத்தின் மீதான அறவீடு வர்த்தமானி மூலம் ஏற்றியும் இறக்கியும் வரப்பட்டது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது எமது கடைகளில் விலை பாய்ந்து ஏறியது. 2024 மே மாதத்தில் அத்தடை நீங்கியது. இப்படி ஆடும் விலைக்கு முன்னால் பத்து நாட்கள் பொறுத்திரு என்று ஏழை விவசாயியிடம் சொல்வது வாயால் சொல்வதற்கு இலகுவானது.

கணக்கையும் மறைக்காமல் பார்ப்போம். உலரும்போது எடை குறையும். 100 கிலோ பச்சை வெங்காயம் 90 கிலோவாகிவிட்டது என்று உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். பச்சையாகக் கிலோ 200 ரூபாவுக்கு விற்றிருந்தால் 20,000 ரூபா. உலர்ந்த 90 கிலோவுக்கும் அதே பணம் கிடைக்கக் கிலோ 222 ரூபாவுக்கு மேல் போக வேண்டும். பச்சைக்கும் உலர்ந்ததற்கும் ஒரே விலை போடும் வியாபாரி, பொறுத்தவனைத் தண்டித்து அவசரப்பட்டவனுக்குப் பரிசு கொடுக்கின்றான். ஆகவே இதில் திருந்த வேண்டியவர் விவசாயி மட்டுமல்லர்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெங்காயச் செய்கையில் பெருஞ்செலவு விதைக்குமிழுக்கே போகின்றது. முற்றாத வெங்காயத்தை விதைக்கு வைத்தால் அடுத்த போகத்திற்குள் பாதி அழுகும், மீதி சுருங்கும். அதனால் கைவிதை இல்லாமல் மீண்டும் கடன். இப்படியே ஒரு போகத்தின் அவசரம் மறுபோகத்தின் கடனாக மாறுகின்றது.

எமது கிணறுகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. குமிழ் கெதியாய்ப் பருக்கட்டும் என்று கடைசி வாரங்களில் யூரியாவை அள்ளி வீசுகின்றோம். அது தாளைப் பச்சையாக வைத்துக் கழுத்தைத் தடிக்கச் செய்து முற்றுவதைப் பிந்தப்பண்ணும். பயிர் எடுக்காத மிச்சம் இறைக்கும் நீரோடு சுண்ணாம்புக் கல்லினூடாகக் கீழே இறங்கும். வலிகாமத்தின் பல தோட்டக் கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவுக்கு மேல் நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது பெரும் ஆபத்து. வெங்காயத்தையும் கெடுத்து, குழந்தை குடிக்கும் தண்ணீரையும் கெடுக்கும் ஒரு பை உரத்திற்கு நாம் காசும் கொடுக்கின்றோம்.

எல்லா நேரமும் பொறுக்கத்தான் வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. மழை இருண்டு வரும்போது, நோய் பரவத் தொடங்கும்போது முன்கூட்டியே கிளப்புவது புத்திசாலித்தனம். தாளுக்காக இளசாக விற்பதும் நேர்மையான வியாபாரமே. ஆனால் அதை அதுவாகவே விற்று முடிக்க வேண்டும். முற்றியதோடு கலந்து மூடை கட்டக்கூடாது. அழுகிய ஒன்று மூடை முழுவதையும் கெடுக்கும்.

எனவே நாம் வேண்டுவது இவைதான். கிராமத்துக்கு ஒன்றாகவேனும் கிடுகால் வேய்ந்த, நாலு பக்கமும் காற்றுப் புகும் பொதுக் கொட்டில் ஒன்றை விவசாயிகள் சங்கங்கள் அமைக்கட்டும். அதில் வைத்த வெங்காயத்தின் பேரில், விற்கும் வரையில் வீட்டுச் செலவுக்கும் வட்டிக்கும் போதுமான ஒரு சிறு முற்பணத்தைக் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுக்கட்டும். பொறுமைக்கும் முதல் வேண்டும். அது இல்லாதவனிடம் பொறுமையைக் கேட்பது நியாயமன்று. சந்தையில் உலர்ந்த வெங்காயத்திற்கு வேறு விலை போடப்படட்டும். அறுவடைக் காலத்தில் இறக்குமதி அறவீட்டைத் திடீரெனக் குறைப்பதில்லை என்று அரசாங்கம் முன்கூட்டியே அறிவித்து அதன்படி நடக்கட்டும்.

அதுவரை எமது கையில் உள்ளதை நாம் செய்வோம். இம்முறை முழுத் தோட்டத்தையும் விடமுடியாவிட்டால் இரண்டு பாத்தியையாவது முற்ற விடுவோம். தாள் சாய்ந்தபின் கிளப்பி, உலர்த்தி, பிடி கட்டித் தொங்கவிடுவோம். அடுத்த போகத்திற்கு விதை வாங்கக் கைநீட்ட வேண்டிய நாள் வரும்போது, அந்த இரண்டு பாத்தியும் எமக்குக் கைகொடுக்கும்.