நோயில்லாத குஞ்சுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்

பொரித்த முதல் நாளிலேயே குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து வைக்கும் பழக்கம் கோழிப் பண்ணைகள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. நோய்க்கு மருந்து கொடுப்பதை எங்கள் சங்கம் எதிர்க்கவில்லை. நோயே இல்லாத குஞ்சுக்குக் கொடுப்பதை எதிர்க்கிறோம். அடைக்கோழியின் கீழ் பொரித்த குஞ்சு, தாய் கிளறிய மண்ணைக் கொத்தும்போதே தாயின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகளையும் பெற்றுக்கொள்கிறது. இன்குபேட்டர் குஞ்சுக்கு அந்த வாய்ப்பில்லை. காலியாகக் கிடக்கும் அதன் குடலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி முந்திக்கொண்டால் எளிதாகப் பெருகிவிடும். நோயற்ற வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிரிகளைக் கொடுத்தால் இளங்குஞ்சுகள் இந்தத் தொற்றை எதிர்த்து நிற்கின்றன என்று பின்லாந்து ஆய்வாளர்கள் நூர்மியும் ரந்தாலாவும் 1973இல் காட்டினார்கள். ஆன்டிபயாடிக்கோ நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அழிக்கிறது. தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காத கிருமிகள். நல்ல நுண்ணுயிரிகள் கிடைக்கட்டும் என்று பெரிய கோழிகளின் எச்சத்தை அப்படியே குஞ்சுகளுக்குப் போடுவது ஆபத்து; நோய்க்கிருமியும் கூடவே வரும். நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய, பரிசோதிக்கப்பட்ட புரோபயாடிக்கைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பதே முறை.

இயற்கை எதிர்ப்பாற்றல் என்றால் தடுப்பூசி தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை முற்றாக மறுக்கிறோம். மஞ்சள் கரு வழியாகத் தாய் தரும் எதிர்ப்பொருள் சில வாரங்களில் கரைந்துவிடும். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. அதைத் தடுக்க முதல் வாரத்தில் விடும் சொட்டு மருந்து குஞ்சின் சொந்த எதிர்ப்பாற்றலைத்தான் தூண்டுகிறது. ரத்தக்கழிச்சலிலும் உடல் இப்படியே பழகுகிறது: கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமியைச் சந்திக்கும் குஞ்சு எதிர்ப்பைப் பெறுகிறது, ஈரக் கூளத்தில் ஒரேயடியாகச் சந்திப்பது சாகிறது. கூளத்தைக் கிளறிக் காய வைப்பது, முதல் வாரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் சூடு கொடுத்து வாரம் 5 டிகிரி குறைப்பது, நெரிசலைத் தவிர்ப்பது ஆகியவை அலுப்பூட்டும் வேலைகள்தான். ஆனால் இவற்றுக்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை.

மருந்தை நிறுத்தினால் இறப்பு கூடும், சிறு பண்ணையாளர் தாங்கமாட்டார் என்ற அச்சம் நியாயமானது. பராமரிப்பைத் திருத்தாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். குளிரும் ஈரமும் பொரிப்பகத்தின் அசுத்தமும் செய்யும் கேட்டை இந்த மருந்துகள் மறைத்து வைத்திருக்கின்றன. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஸ்வீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடுத்தன. அங்கே கோழி வளர்ப்பு தொடர்ந்து நடக்கிறது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியாவும் 2019இல் தடை விதித்தது. அந்தத் தடையோடு நின்றுவிடக் கூடாது. மருத்துவர் சீட்டில்லாமல் கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் விற்பதை அரசு நிறுத்த வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவரும் வாங்கும்படி வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைச் சிறு அளவுகளில் கால்நடை மருந்தகங்களில் ஆண்டு முழுவதும் இருப்பு வைக்க வேண்டும்.