கார் போன தெருவில் குழந்தைகள்!

தெரு யாருக்குச் சொந்தம்? காருக்கா? காலுக்கா?

பிரேசில் நாட்டில் ஒரு நகரம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. அதன் பெயர் குரிடிபா.

அங்குள்ள பெரிய கடைத்தெருவுக்கு, "நவம்பர் 15 தெரு" என்று பெயர். பிரேசில் குடியரசான நாளை நினைவூட்டும் பெயர் அது. தெருவில் எந்நேரமும் கார் நெரிசல்.

1971-ல் ஜைமி லெர்னர் மேயர் ஆனார். அவர் கட்டிடக் கலை படித்தவர். அப்போது வயது 33. கார்களை நிறுத்திவிட்டு, தெருவை நடப்பவர்களுக்கே கொடுக்க அவர் முடிவு செய்தார்.

வியாபாரிகள் எதிர்ப்பு

கடைக்காரர்கள் பதறினார்கள். கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே என்று பயந்தார்கள். பயம் நியாயமானதுதான். கடை அல்லவா அவர்களுக்குச் சோறு போடுகிறது!

1972-ம் ஆண்டு, மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை தொடங்கியது. கல் பதித்தார்கள். விளக்கு நட்டார்கள். பூச்செடி வைத்தார்கள். 72 மணி நேரத்தில் தெருவின் ஒரு பகுதி தயார்!

மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். வியாபாரமும் வந்தது. எதிர்த்த வியாபாரிகளே, இன்னும் கொஞ்சம் தூரத்துக்கு இப்படிச் செய்யுங்கள் என்று கேட்டார்கள்.

கார்க்காரர்கள் சிலர் விடவில்லை. தெருவுக்குள் காரை ஓட்டுவோம் என்று கிளம்பினார்கள். அங்கே என்ன கண்டார்கள்? தெரு நெடுகக் காகிதம் விரித்திருந்தது. குழந்தைகள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள்! கார்கள் திரும்பிவிட்டன.

பஸ், வீடு, பூங்கா

நடந்தால் மட்டும் போதுமா? தூரமாகப் போக வேண்டாமா? 1974-ல் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை விட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டி உயரமான மாடி வீடுகள் கட்டலாம். தள்ளிப் போகப் போக உயரம் குறைய வேண்டும். இதுதான் சட்டம். அதனால் நிறையப் பேருக்கு, வீட்டை விட்டு இறங்கினால் பஸ்!

ஆற்று வெள்ளத்துக்கும் வழி கண்டார்கள். கரையோரங்களில் பூங்காவும் ஏரியும் அமைத்தார்கள். மழைக் காலத்தில் வெள்ளம் ஏரியில் தங்கும். மற்ற நாளில் குடும்பத்தோடு உலாவலாம். புல் வெட்டும் வேலையைச் செம்மறி ஆடுகளிடம் விட்டார்கள். செலவு மிச்சம்!

குரிடிபா சொர்க்கபுரி அல்ல. இன்று அங்கும் கார்கள் பெருகிவிட்டன. ஏழைகள் பலர் ஊருக்கு வெளியே, பஸ் பாதைக்கு எட்டாத தூரத்தில் வசிக்கிறார்கள். பாதை ஓரத்து வீடு ஏழைக்கும் கிடைத்தால்தான் திட்டம் முழுமை பெறும்.

ஆனாலும் அந்தத் தெரு ஒன்றைக் கற்றுத் தருகிறது. ரோட்டை அகலமாக்கிக்கொண்டே போனால் ஊர் வளர்ந்துவிடாது. பாட்டி மெல்ல நடந்து கடைக்குப் போக வேண்டும். பேரன் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும். போகும் வழியில் மர நிழல் வேண்டும்.

அதுதான் நல்ல ஊர்!