ஹெல்மெட் வாங்கத் தலையோடு போங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோடு சைக்கிள்கள் வரிசைகட்டிப் போகின்றன. சில வண்டிகளின் விலை லட்சத்தைத் தாண்டும். ஓட்டுகிறவர்களில் அநேகம் பேர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. இதை எந்தச் சட்டமும் அவர்கள்மேல் திணிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான் பொருந்தும். ஆக, விரும்பி வாங்கி விரும்பி அணிகிறார்கள். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், சிலருக்கு ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி முழுக்க வெளியே தெரியும். சிலருக்குத் தாடைவார் தொண்டைவரை தொங்கும். வாங்கும்போது பிராண்டையும் எடையையும் நிறத்தையும் மணிக்கணக்கில் அலசியவர்கள், அது தலையில் எப்படி உட்காருகிறது என்பதற்கு ஒரு நிமிடம்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். விழும்போது தலையைக் காப்பாற்றுவதில் அந்த ஒரு நிமிட வேலைக்குத்தான் முதலிடம் என்பது என் வாதம்.

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருள்தான். இன்னும் அடர்த்தியாக வார்த்தது. அடி விழும்போது அது நசுங்குகிறது. நசுங்குகிற அந்தக் கணத்தில், சட்டென்று நின்றுபோக வேண்டிய தலையின் வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது. வேலை அவ்வளவுதான். ஐரோப்பாவின் ஈ.என். 1078 தரநிலைப்படி, செயற்கைத் தலையில் மாட்டிய ஹெல்மெட்டை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்புப் பாளத்தில் மோதவிடுகிறார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. தலைக்குள் பதிவாகும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 1999 முதல் நடப்பில் உள்ள விதியில் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 மடங்கு. இவற்றில் ஒரே தரச்சான்றைப் பெற்றவையாக இருந்தால், இரண்டாயிரம் ரூபாய் ஹெல்மெட்டும் இருபதாயிரம் ரூபாய் ஹெல்மெட்டும் தாண்டியது ஒரே சோதனையைத்தான். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சோதனைக்கூடத்தில் ஹெல்மெட்டை அதற்குப் பொருந்தும் அளவுள்ள தலையில், நேராக வைத்து, வாரை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கீழே போடுகிறார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சான்றுச் சீட்டு அந்த நிலையில் கிடைத்த பாதுகாப்புக்குத்தான் சாட்சி. நெற்றியைத் திறந்துவிட்டு உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஹெல்மெட்டால் பயன் உண்டா என்ற கேள்விக்கு இன்று தெளிவான பதிலே இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜேக் ஒலிவியரும் புருடென்ஸ் கிரெய்டனும் 40 ஆய்வுகளை, காயம்பட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது. அது சராசரிக் கணக்கு. சரியாக அணிந்தவரும் ஏனோதானோவென்று மாட்டியவரும் அதில் கலந்தே இருப்பார்கள். இருவரையும் பிரித்துப் பார்த்தது 1999-ல் வெளியான சியாட்டில் ஆய்வு. விபத்தில் சிக்கியபோது ஹெல்மெட் அணிந்திருந்தவர்களிலேயே, அது தங்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று சொன்னவர்களுக்குத் தலைக்காயம் ஏற்பட்ட வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. விழுந்தவர்கள் தாங்களே சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் துல்லியத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் அதே ஆய்வில் குழந்தைகளின் தலையையும் ஹெல்மெட்டையும் அளந்து பார்த்தபோது, தலையில் காயம்பட்ட குழந்தைகளின் ஹெல்மெட்டுகள் தலையைவிட அகலமாகவே இருந்தன. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சிறுவர்களின் ஹெல்மெட்டுகளைச் சோதித்தார்கள். பொருத்தத்திலும் நிலையிலும் தேறியவை நூற்றுக்கு நான்குதான். பெரியவர்கள் இதைவிடக் கவனமானவர்கள் என்று நம்ப நம் சாலைகள் இடம் தரவில்லை.

பொருத்தம் என்றால் எஸ், எம், எல் என்ற எழுத்து மட்டும் இல்லை. இஞ்ச் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பிடித்தால் சுற்றளவு கிடைக்கும். அது பாதிக் கணக்கு. மீதி, தலையின் வடிவம். ஒரே 57 சென்டிமீட்டர் சுற்றளவில் ஒருவர் தலை நீள்வட்டமாகவும் இன்னொருவர் தலை ஏறக்குறைய உருண்டையாகவும் இருக்கும். நீள்வட்டத்துக்கு வார்த்த ஹெல்மெட்டை உருண்டைத் தலையில் மாட்டினால் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும், முன்னும் பின்னும் இடைவெளி விடும். உருண்டைக்கு வார்த்ததை நீள்வட்டத் தலையில் மாட்டினால் நெற்றியும் பின்மண்டையும் அழுந்தும், பக்கவாட்டில் விரல் நுழையும். பின்பக்கத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் இந்தக் கோளாறு தீராது, தலைவலிதான் மிஞ்சும். அதனால் திருகைத் தொடாமல் முதலில் மாட்டிப் பார்க்க வேண்டும். உள்பஞ்சு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொட்டால், பிறகு திருகை மிதமாக இறுக்கி, தாடைவாரைப் பூட்டாமலே குனிந்து தலையை ஆட்டிப் பார்க்கலாம். நழுவக் கூடாது. முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பக்க வார்கள் காதுமடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரலுக்கு மேல் இடம் கூடாது. வாயை ஆவென்று திறந்தால் ஹெல்மெட் உச்சியில் கீழே இழுப்பது தெரிய வேண்டும். கடைசியாக, உள்ளங்கையால் முன்விளிம்பை மேல்நோக்கி ஒரு தள்ளு. அது பின்னால் உருண்டு நெற்றி தெரிந்தால், தார்ச்சாலையில் முகம் குப்புற விழும்போதும் அதுதான் நடக்கும். ரோடு சைக்கிளில் இன்னொன்றும் உண்டு. வளைந்த கைப்பிடியைக் கீழே பிடித்துக் குனிந்து, தலையை மட்டும் நிமிர்த்திச் சாலையைப் பார்க்கும் நிலையில், ஹெல்மெட்டின் பின்விளிம்பு பிடரியில் இடிக்கக் கூடாது, முன்விளிம்பு பார்வையை மறைக்கக் கூடாது. நிமிர்ந்து நின்றபடி கடைக் கண்ணாடியில் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

விலை கூடினால் தொழில்நுட்பம் கூடும் அல்லவா என்று கேட்பார்கள். கூடும். தரநிலைச் சோதனைகள் நேரடியான அடியையே அளக்கின்றன. நிஜத்தில் தலை சாய்வாகத்தான் தரையில் படுகிறது, அப்போது மூளை சுழற்சிக்கு ஆளாகிறது. அதைக் குறைக்க சுவீடனில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கியதுதான் மிப்ஸ் என்னும் உள்ளடுக்கு. மோதும்போது அது 10 முதல் 15 மில்லிமீட்டர்வரை நகர்ந்து கொடுக்கிறது. வாங்க வேண்டிய வசதிதான். ஆனால் நெற்றி வெளியே இருந்தால் அந்த அடுக்கு தலைக்கும் தாருக்கும் நடுவே இருக்கப்போவதில்லை. 2018 முதல் சாய்வு மோதலையும் சேர்த்துச் சோதித்து மதிப்பெண் தரும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பட்டியலில், நடுத்தர விலை ஹெல்மெட்டுகள் பல உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருக்கின்றன. கூடுதல் விலை பெரும்பாலும் எடைக்குறைவையும் காற்றோட்டத்தையும் வாங்கித் தருகிறது. நம் வெயிலில் அதையும் அற்பம் என்று ஒதுக்க மாட்டேன். புழுங்குகிற ஹெல்மெட் சீக்கிரமே பரணுக்குப் போய்விடும்.

வெயிலைச் சொல்லி மறுத்தவர்களில் உலகத்தரப் பந்தய வீரர்களும் உண்டு. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1991-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க முயன்றபோது வீரர்கள் எதிர்த்து நின்றார்கள், முயற்சி கைவிடப்பட்டது. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த கசக் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் இறந்த பிறகு, அதே ஆண்டில் விதி வந்தது. லாரி மோதினால் இந்தத் தெர்மாகோல் என்ன செய்யும் என்ற கேள்வி இன்னும் வலுவானது. ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் மணலில் சறுக்குவது, குழியில் சக்கரம் இறங்குவது, நாய் குறுக்கே ஓடுவது, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் உரசுவது என்று லாரி இல்லாமலே விழ வழிகள் நிறைய. அவற்றில் தலை தரையை நோக்கி வரும் வேகம், சோதனைக்கூடம் அளக்கும் வேகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நெதர்லாந்தில் யாரும் அணிவதில்லையே என்பவர்களுக்கு: அங்கே பெரும்பாலோர் தனிப்பாதையில் நிதானமாக நிமிர்ந்து ஓட்டுகிறார்கள். அந்தப் பாதைகளை இங்கே கேட்டுப் போராடுவது அவசியம். அவை வரும்வரை தலையைத் திறந்துவைத்திருப்பது அந்தப் போராட்டத்தின் பகுதி ஆகாது.

ஆன்லைன் தள்ளுபடிதான் இதில் பெரிய இடைஞ்சல். அளவு அட்டவணை சுற்றளவைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. செருப்பையே போட்டு நாலடி நடந்து பார்த்து வாங்குகிற நாம், இதற்கு மட்டும் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். பெண்களுக்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது: கொண்டை போட்டால் பின்பக்கத் திருகு சரியாக உட்காராது. ஓட்டும்போது எப்படிப் பின்னிக்கொள்வார்களோ அப்படியே கடைக்குப் போய் மாட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர்களும் ஹெல்மெட்டைப் பெட்டியோடு நீட்டிவிட்டு நகராமல், வாரைச் சரிசெய்து கொடுப்பதை விற்பனையின் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். லட்ச ரூபாய் வண்டிக்கு இருக்கை உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து தருகிறவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. சைக்கிள் குழுக்களில் புறப்படும் முன் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இனி டயர் காற்றை அழுத்திப் பார்க்கிற நேரத்தில், ஒருவர் ஹெல்மெட்டின் முன்விளிம்பை மற்றவர் மேலே தள்ளிப் பார்க்கட்டும். உருண்டால் அங்கேயே வாரை இறுக்கிவிட்டுக் கிளம்பலாம்.